முதுகுவலிக்கும் பார்த்தீனியத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த பார்த்தீனியம் மார்கழியில் பூத்து நிற்கிறது. வரப்பு, தரிசு, சாலையோரம் எங்கும் வெள்ளைப் பூ. தை பிறந்தால் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும், களத்து மேட்டு வைக்கோல் தூசியும் சேர்ந்து கொள்ளும். இந்த இரு மாதங்களில் கிராமங்களில் தும்மல், மூக்கடைப்பு, இளைப்பு அதிகம். பழைய இடுப்புவலியும் மூட்டுவலியும் திரும்பி வந்துவிட்டன என்ற பேச்சும் அப்போதுதான் கேட்கிறது. பனிதான் காரணம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பழி முழுவதையும் பனியின் மேல் போடுவது சரியல்ல.

பூந்தாதுவும் தூசியும் ஒத்துக்கொள்ளாதவருக்கு அவை மூக்கில் பட்டதும் உடம்பில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சுரக்கிறது. மூக்கு அடைத்து இரவுத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்ட உடம்புக்கு வலியைத் தாங்கும் சக்தி குறையும். நேற்றுவரை பொறுத்துக்கொண்ட வலி இன்று பொறுக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், ஒவ்வொரு தும்மலும் இருமலும் முதுகைக் குலுக்குகிறது. முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கியவருக்கு ஒரே தும்மலில் வலி காலுக்கு இறங்குவதும் உண்டு.

இதற்கு நம்மவர் செய்துகொள்ளும் வைத்தியம்தான் கவலை தருகிறது. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு வயலுக்குப் போகிறார்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை ஆஸ்துமா உள்ளவர் சிலருக்கு இளைப்பைக் கடுமையாக்கிவிடும். வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் உழைப்பவர் இவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெடலாம். தும்மலுக்கான பழைய வகை மாத்திரைகளோ தூக்கத்தை வரவழைக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு டிராக்டர் ஓட்டுவது ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவர்கள் வலியை மட்டும் சொல்லாமல், தும்மலும் இளைப்பும் எந்த மாதத்தில் வருகின்றன என்பதையும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்ல வேண்டும்.

மருந்து ஒருபுறம் இருக்க, நோய்க்கு வித்தான களையை ஒழிப்பது நம் கையில் இருக்கிறது. அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த பார்த்தீனியம் 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக் கூடியது. முளைத்து 4 முதல் 6 வாரங்களில் பூத்துவிடும். ஆகவே பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குவது நல்லது. கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தோல் அரிப்பும் இளைப்பும் உள்ளவர்கள் இவ்வேலைக்கு வரக்கூடாது. தரிசிலும் சாலையோரத்திலும் 1 லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளிக்கலாம்; பயிர் நிலத்தில் இது கூடாது. இச்செடியின் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டுகள் 1984ல் பெங்களூரில் விடப்பட்டன. அவற்றைச் செடியில் கண்டால் அழிக்க வேண்டாம்.

ஒருவர் தம் வரப்பைச் சுத்தம் செய்து பயனில்லை. பக்கத்துத் தரிசில் பூத்தால் பூந்தாது காற்றில் வந்து சேரும். எனவே ஐப்பசி மழைக்குப் பின் ஒரு நாளை ஊரே ஒதுக்க வேண்டும். புறம்போக்கையும் சாலையோரத்தையும் ஊராட்சி பார்த்துக்கொள்ள வேண்டும். இதைப் பயிருக்கான வேலை என்று மட்டும் எண்ணாமல், உடல்நல வேலையாகவும் கருத வேண்டும். சிறு விவசாயிக்கு உடம்புதான் முதல் சொத்து. அறுவடை நேரத்தில் நான்கு நாள் படுத்துவிட்டால் அந்த நட்டத்தை எந்த விளைச்சலும் ஈடு செய்யாது.