விண்ணில் ஒலிக்கும் தாய்மொழிகள்

‘அமெச்சூர் ரேடியோ’ என்றும் ‘ஆம் ரேடியோ’ என்றும் நம் நாளிதழ்கள் எழுதுவதனைத் தமிழிற் பெயர்க்கப் புகுந்தோர் சிலர், ‘பொழுதுபோக்கு வானொலி’ எனப் பெயரிட்டு அதன் தகுதியைக் குறைத்தனர். அமெச்சூர் என்பது அன்பு செய்பவன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி, பிரெஞ்சு மொழியூடாக வந்தது. அப்பொருளுக்கு நேரான சொல், வள்ளுவர் அன்புடைமையின் முதற் குறளிலேயே ஆண்டிருக்கும் ‘ஆர்வலர்’ என்பது. ஆர்வலர் வானொலி என்க. ஊதியம் பெறாது, தேர்வெழுதி உரிமம் பெற்று, தம் கைப்பொருளாற் கருவியமைத்து, உலகெங்கும் குரல் கொடுத்துக் குரல் கேட்போரின் கலை அது.

மாந்தர் ஒருவர் விண்ணிலிருந்தவாறே ஆர்வலர் அலையிற் பேசியது முதன்முதல் 1983-ஆம் ஆண்டின் இறுதியில். கொலம்பியா விண்ணோடத்திற் சென்ற ஓவன் கேரியட் என்னும் அமெரிக்கர், தம் ஓய்வுப் பொழுதில் சிறு கருவியொன்றால் மண்ணிலுள்ள ஆர்வலரை அழைத்தார். மறுமொழி தந்தோருள் யோர்தான் நாட்டு மன்னர் உசேனும் ஒருவர். மன்னரும் அவ்வலையில் ஓர் அழைப்புக்குறியே. அரியணைக்கு அங்கு வேலையில்லை. பின்னர்ச் சோவியத்து நாட்டின் மீர் நிலையத்திலும் 1988 முதல் இப்பணி நடந்தது.

ஒருவர் பேசுவது எளிது. பல நாட்டவர் கூடி ஒரே நிலையத்தில் வேலை செய்வதே அரிது. பன்னாட்டு விண்வெளி நிலையம் கட்டப்படவிருந்தபோது, ஒவ்வொரு நாட்டு ஆர்வலரும் தத்தம் கருவியைத் தனித்தனியே ஏற்றித் தருக என்று கேட்டிருப்பின் எதுவும் ஏறியிராது. எனவே 1996 நவம்பரில் அமெரிக்காவின் ஊசுட்டன் நகரில் எட்டு நாட்டுப் பேராளர் கூடி ஒரே கூட்டமைப்பை நிறுவினர். எக்கருவி செல்வது, எங்குப் பொருத்துவது, எவ்வலையெண்ணைக் கையாள்வது என்பனவெல்லாம் அங்குப் பேசித் தீர்க்கப்படுகின்றன. ஒரு சிறு பெட்டியாயினும் நச்சுவளி கசியாது, கூர்முனை கையைக் கிழிக்காது, பிற கருவிகளைக் குழப்பாது என்று ஆய்ந்து காட்டிய பின்னரே மேலேறும். 2002-இல் நிலையத்தின் உருசியப் பிரிவின் புறத்தே விண்ணில் நடந்து பொருத்திய அலைவாங்கிகள், அமெரிக்க, இத்தாலிய, உருசிய ஆர்வலர் கூடி ஆக்கியவை. ஆயினும் நிலையத்தின் அழைப்புக்குறி ஒன்றன்று. அமெரிக்கக் குறி, உருசியக் குறி, செருமானியக் குறி எனத் தனித்தனியே உள்ளன. கூடினர், கரைந்து போயினரல்லர்.

இக்கூட்டுழைப்பின் பெரும்பயன் பள்ளிகளுக்கே. 2000 திசம்பர் 21-ஆம் நாள் நிலையத்தின் முதற் குழுத் தலைவர் செப்பர்டு, இல்லினாய்சு மாநிலத்துப் பள்ளி மாணாக்கரோடு பேசியது தொடக்கம். அதன்பின் நடந்த பள்ளி உரையாடல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை உலகைச் சுற்றுகிறது. ஓரூரின் தொடுவானில் எழுந்து மறையும்வரை கிடைப்பது பத்து மணித்துளியே. அதற்குள் பதினைந்து, இருபது வினாக்கள்! குரலைத் தாங்கிவரும் 145.800 மெகா எர்ட்சு அலையெண், நிலையம் நெருங்குகையில் மூன்று கிலோ எர்ட்சளவு உயர்ந்தும் விலகுகையில் அவ்வளவே தாழ்ந்தும் வரும். புகைவண்டி நம்மைக் கடக்கையில் அதன் ஊதொலி மாறுவதும் இக்கரணியம் பற்றியே. பள்ளியும் உள்ளூர் ஆர்வலரும் அப்பத்து மணித்துளிக்காகப் பல திங்கள் உழைக்கின்றனர். கருவி வாய்ப்பில்லாத பள்ளிக்கு, வேற்று நாட்டு ஆர்வலர் ஒருவர் நள்ளிரவாயினும் விழித்திருந்து, தம் கருவியால் நிலையத்தைப் பிடித்துத் தொலைபேசி வழி இணைத்துத் தருகிறார். அப்பிள்ளைகளின் முகத்தையும் அவர் அறியார்.

நம்மவர் நோக்கவேண்டுவது வேறொன்று. அலெக்சாண்டர் கெர்சுட்டு மேலிருந்தபோது செருமானியப் பள்ளிகளோடு செருமானியத்திற் பேசினார். தோமா பெசுக்கே பிரெஞ்சிலும், சமந்தா கிறித்தோபொரெத்தி இத்தாலியத்திலும் தம் நாட்டுப் பிள்ளைகளுக்கு விடையிறுத்தனர். சப்பானியரும் அவ்வாறே. அறிவியல் ஆங்கிலத்திலன்றி வாயில் நுழையாது என்று நம் பள்ளி முதலாளிகள் சொல்லித் திரிகின்றனரே, இச்செய்தி அவர்கள் செவிக்கு எட்டவில்லை போலும்! 2006 பிப்ரவரியில் பழைய உருசிய விண்ணுடை ஒன்றினுள் அலைபரப்பியை வைத்து நிலையத்தினின்று வெளியே விட்டனர். அவ்வுடையும் உருசியம், சப்பானியம், செருமானியம், பிரெஞ்சு, இசுப்பானியம் முதலிய மொழிகளில் செய்தி ஒலித்தபடியே மிதந்தது.

‘மேலே இருப்பவர்க்குத் தமிழ் தெரியவேண்டாமா, புலவரே?’ என்பர். தெரியவேண்டும், ஒப்புகிறேன். 2025 சூலையில் சுபான்சு சுக்குலா இவ்வார்வலர் அலையிலேயே பெங்களூரிலிருந்த மாணாக்கரோடு பேசினார். நாளை தமிழகப் பள்ளியொன்றுக்கு வாய்ப்பு வரின், அப்பத்து மணித்துளி ஆங்கிலத்திற் கழியலாம். அதற்கு முன்னுள்ள திங்கள்கள் யாருடையவை? அலையெண் பெயர்வதன் கரணியத்தை ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்ட பிள்ளை அதனை ஒப்பிக்கும்; தமிழில் உணர்ந்த பிள்ளை மறுவினா எழுப்பும். முப்பதாண்டு வகுப்பறை எனக்குக் காட்டியது இது. வினாக்களைத் தமிழில் எழுதச் செய்து, நல்லனவற்றைத் தெரிந்தெடுத்து, அதன்பின் பெயர்த்தால் எது குறைந்துவிடும்?

என் வகுப்பில் ஒருமுறை இதனை ஒத்திகை பார்த்தோம். ஒரு வினாவை முடித்ததும் ‘ஓவர்’ என்பது வானொலி மரபு. அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டேன். ‘முடிந்தது’ என்றான் ஒருவன். ‘முற்று’ என்றான் மற்றொருவன். பின்வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து, “ஐயா, முடிந்தது என்றால் அவர் கருவியை அணைத்துவிடுவாரே! ‘சொல்லுங்கள்’ என்போம்” என்றாள். அதனையே வைத்துக்கொண்டோம்.