அதான் நீந்திப் போச்சே, சார்!

ராட்சச மீன் ஒன்றை மார்புக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இளிக்கிற ஃபோட்டோ உங்களுக்கும் வந்திருக்கும். கீழே மறக்காமல் ஒரு வரி: ‘பிடித்தோம், விட்டுவிட்டோம்.’ உடனே நாற்பது பேர் கைதட்டல் பொம்மை போடுகிறார்கள். எத்தனை நேரம் தண்ணிக்கு வெளியே வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ‘அதான் நீந்திப் போச்சே, சார்!’

போச்சு. சரி, அப்புறம்?

1992-ல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர், ரெயின்போ ட்ரவுட் மீன்களைத் தூண்டிலில் போராடியது போலக் களைக்கவைத்துப் பார்த்தார்கள். காற்றே படாமல் தண்ணீரில் இருந்தவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 38. ஒரு நிமிஷம் வைத்தவற்றில் 72! அதுவும் உடனே அல்ல, சில மணி நேரம் கழித்து. எல்லா மீனுக்கும் இதே கணக்கு பொருந்தாதுதான். ஆனால் ஒரு நிமிஷம் என்பது என்ன? ‘டேய், மூஞ்சில வெயில் விழுது, இந்தப் பக்கம் திரும்பு, இன்னொண்ணு எடு.’ அவ்வளவுதான்.

தண்ணீரில் விரிந்து நிற்கும் செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சிரைக்க ஓடிவந்தவன் மூக்கைப் பொத்துகிற வேலை இது. பெரிய மீனுக்கு இன்னொரு சங்கடம். அதன் கனத்தையெல்லாம் இதுவரை தண்ணீர் சுமந்தது. நீங்கள் கீழ்த்தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டால் மொத்த பாரமும் தாடை மூட்டில் இறங்குகிறது. செவுளுக்குள் விரலைவிட்டுத் தூக்கினால் இழை கிழிந்து ரத்தம் கொட்டும். காய்ந்த கை, துண்டு, சுடுகிற பாறை எது பட்டாலும் மேல்தோலின் வழவழப்பு போய்விடும். நோய்க்கிருமிக்கு எதிராக அதற்கிருக்கிற சட்டை அது.

நமக்கென்ன என்கிறீர்களா? காவிரியையும் கிளை நதிகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத கூன்முதுகு மஹசீர் நம் மோயாற்றில் இருக்கிறது. 1946-ல் கபினியில் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. தூண்டில்காரர்கள் உலகம் பூராவும் கொண்டாடிய இந்த மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே வருஷம் ஐ.யூ.சி.என். பட்டியலில் ‘மிக ஆபத்தான நிலை’ என்று சேர்த்தார்கள். பெயர் சூட்டு விழாவும் அபாய அறிவிப்பும் ஒரே வருஷத்தில்!

‘அப்படின்னா தூண்டிலையே தடை பண்ணுங்க’ என்பவர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை. கர்நாடகத்தில் காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டில்காரர்கள் எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்த மீன் அருகிவருவதைக் காட்டிக்கொடுத்தன. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகியது, கூன்முதுகு மறைந்தது. ஆற்றில் வெடி போடுகிறவன் நோட்டுப் புத்தகமா வைத்திருக்கிறான்?

சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது சட்டப்படி தப்பு, அது வேறு விஷயம். அனுமதியுள்ள இடத்தில் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். தடித்த தங்கூசி போடுங்கள், போராட்டம் சீக்கிரம் முடியும். முள்ளின் பின்பக்கக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். முடிச்சில்லாத வலைக்குள், தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். தொண்டைக்குள் போயிருந்தால் நோண்டாமல் தங்கூசியை வெட்டிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். ஃபோட்டோ வேண்டுமா? பேஷாக எடுங்கள், ஆனால் மீன் மேலே வரக்கூடாது, நீங்கள் கீழே இறங்கவேண்டும். பேண்ட் நனையும், நனையட்டும்! விடும்போது நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், செவுளுக்குள் தண்ணீர் தலைகீழாகப் போகும். அதுவே திமிறும்வரை காத்திருங்கள், ஐந்து நிமிஷமானாலும்.

முகாம் நடத்துகிற புண்ணியவான்களே, மீனை அந்தரத்தில் தூக்கிய படங்களை உங்கள் விளம்பரத்திலிருந்து முதலில் கழற்றுங்கள். புதிதாக வருகிறவன் அதைப் பார்த்துத்தானே பழகுகிறான்?