பழைய வாகனம் கேட்கும் நியாயம்

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற 2030-ஆம் ஆண்டு இலக்கை, 2025-லேயே எட்டிவிட்டதாக மத்திய அரசு பெருமிதம் கொள்கிறது. அன்னியச் செலாவணி மிச்சமாகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலவாத பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம், இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று 2021-இல் கணித்தது நீதி ஆயோக்தான். அந்த இழப்பை ஈடுகட்ட விலையைக் குறைக்குமாறு பரிந்துரைத்ததும் அதே அமைப்புதான். மைலேஜ் குறைந்தது, விலை குறையவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே உயர்ந்துவிட்டதாம்! அதற்குப் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் என்ன செய்வார்? எத்தனால் கலவாத பெட்ரோலையும் விற்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. இனி பெட்ரோலியத் துறை அமைச்சரிடம் விலைக் குறைப்பைக் கேட்க வேண்டியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான்.