வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டாம்

லயத்தில் ஒரு சண்டை. குடித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு ஆள் கதவை உடைத்து, தட்டிக் கேட்ட அம்மாவின் கையையும் முறித்துவிட்டான். அந்த அம்மா மறுநாள் கொழுந்துக்குப் போகவில்லை. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போய், பொலிஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்காருகிறார். மேசையில் இருக்கும் ராலஹாமிக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். கூடப் போன பையன் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். அரைப் பக்கம் எழுதி முடித்து, புத்தகத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அம்மாவும் போட்டுவிட்டு வருகிறார்.

மாதக்கணக்கில் கழித்து வழக்கு கூப்பிடும்போதுதான் தெரிகிறது, புத்தகத்தில் இருப்பது வேறு கதை என்று. இரண்டு குடும்பமும் சண்டை பிடித்ததாகவும், தள்ளுமுள்ளில் கையில் அடிபட்டதாகவும் எழுதியிருக்கிறது. “நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?” என்று எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி கேட்டால் அந்த அம்மா என்ன சொல்வார்?

இது எந்தத் தோட்டம், எந்தப் பொலிஸ் என்று கேட்க வேண்டாம். உங்கள் தோட்டத் தலைவரையோ மாதர் தலைவியையோ கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். மேசையில் இருந்த அந்த ராலஹாமி கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் மாத்தறையிலிருந்தோ குருநாகலிலிருந்தோ மாற்றலாகி வந்தவராக இருக்கலாம், தெரிந்த மொழியில் விளங்கியதை எழுதியிருக்கலாம். பிழை அந்த மேசைக்குப் பின்னால், நீண்ட காலமாக இருந்துவருகிறது.

இரண்டு சட்டங்கள், ஒரே வருடம்

1865ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்த இரண்டு கட்டளைச் சட்டங்களை நம் ஆட்கள் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஒன்று 11ஆம் இலக்கச் சட்டம். வேலைக்குச் சேர்ந்த தொழிலாளி சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போனால் அது குற்றம், அபராதமும் சிறையும் உண்டு என்றது அது. கோப்பித் தோட்டத்தை விட்டு ஓடிய கூலியைப் பிடிக்க வாரண்ட் எடுத்தது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். மற்றது 16ஆம் இலக்கச் சட்டம், அதாவது பொலிஸ் கட்டளைச் சட்டம். அடுத்த வருடம், 1866 செப்டெம்பர் 3ஆம் திகதி, பம்பாய் மாகாணத்தில் பொலிஸ் வேலை பார்த்த கெம்பல் என்ற வெள்ளைக்காரர் இலங்கைப் பொலிஸுக்குத் தலைவராக வந்தார். அந்த நாளைத்தான் பொலிஸ் திணைக்களம் இன்றும் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் 1920களின் தொடக்கத்தில் பல்லைப் பிடுங்கிய பாம்பாகிவிட்டது. துண்டு முறையும் ஒழிந்தது. பொலிஸ் கட்டளைச் சட்டமோ பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

வெள்ளைக்காரன் தன் குடியேற்ற நாடுகளில் பொலிஸ் அமைத்தபோது பெரும்பாலும் லண்டன் பொலிஸை மாதிரியாக எடுக்கவில்லை, அயர்லாந்துப் பொலிஸைத்தான் எடுத்தான். அங்கே பொலிஸ்காரர் துப்பாக்கியோடு இருப்பார், பொலிஸ் முகாமில் குடியிருப்பார், சொந்த ஊரில் வேலை செய்ய மாட்டார். அவர் பதில் சொல்ல வேண்டியது மேலிடத்துக்கு மட்டும். ஊர் சனத்துக்கு எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஓர் அமைப்பு மலைநாட்டுக்கு வந்தால் எந்தப் பக்கம் நிற்கும் என்பது தெரிந்ததே. துரையின் பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் லயத்துக்கு விசாரணைக்கு வருவார்கள் என்று நம் பாட்டன்மார் சொன்னதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது.

1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக்கு ஆணைக்குழு போட்டார்கள். அதே தோட்டத்துத் தொழிலாளர்மேல் இருந்த வழக்கைத் தள்ளிவைப்பது பற்றி உள்நாட்டு அமைச்சர் சொன்னதைப் பொலிஸ் தலைவர் ஏற்கவில்லை. ஆளுநர் கோல்டிகொட் பொலிஸ் தலைவரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் எல்லோரும் ஒன்றாகப் பதவி விலகும் அளவுக்கு அது போனது. பொலிஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இந்த நாட்டு அரசியலை உலுக்கியது, தோட்டத் தொழிலாளி ஒருவரின் உயிர் போன பிறகுதான்.

1947இல் ரிச்சர்ட் அலுவிஹாரே முதலாவது இலங்கைப் பொலிஸ் மா அதிபரானார். தலைமைக்கு வந்தவர் இந்த நாட்டவர், ஆனால் கீழே நமக்கு இடம் வரவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். குடியுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க வேலை ஏது, பொலிஸ் உத்தியோகம் ஏது? 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. 1977 மே மாதம் டெவன் தோட்டத்துப் பக்கம், காணி பறிபோவதை எதிர்த்து நம் சனம் திரண்டபோது, மறுபடியும் பொலிஸ் சுட்டது, சிவனு லெட்சுமணன் உயிர் கொடுத்தார். கோவிந்தனுக்கும் லெட்சுமணனுக்கும் வருடாவருடம் விளக்கேற்றுகிறோம். அவர்களைச் சுட்ட அமைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் நாம் கூட்டங்களில் பேசுவதில்லை.

அமைப்பு எங்கே பார்க்கிறது?

இன்று நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட பொலிஸ் நிலையங்கள், 70,000க்கும் மேற்பட்ட ஆட்கள். கான்ஸ்டபிள், சார்ஜன்ட், உப பரிசோதகர், பரிசோதகர், அத்தியட்சகர், பிரதி பொலிஸ் மா அதிபர் என்று படிப்படியாக ஏறி, கொழும்பில் இருக்கும் பொலிஸ் மா அதிபரிடம் முடிகிறது. கட்டளை மேலிருந்து கீழே வருகிறது, அறிக்கை கீழிருந்து மேலே போகிறது. பக்கத்தில் இருக்கும் தோட்டத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தப் படியிலும் இல்லை.

இதை மாற்ற வழி சட்டத்திலேயே இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் பொலிஸைத் தேசியப் பிரிவு என்றும், மாகாணத்துக்கு ஒரு மாகாணப் பிரிவு என்றும் பிரித்தது. மாகாணப் பிரிவுக்கு ஒரு பிரதி பொலிஸ் மா அதிபர் தலைமை. ஆட்சேர்ப்புக்கு மூன்று பேர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு, அதில் ஒருவர் முதலமைச்சர் நியமிப்பவர். மாகாணப் பொலிஸ் என்றாலே வடக்கு கிழக்கு விவகாரம் என்று நினைக்கிறோம். மத்திய மாகாணத்துக்கும், ஊவாவுக்கும், சப்ரகமுவவுக்கும் அதே சட்டம்தான். நடைமுறைக்கு ஒரு நாளும் வரவில்லை. 2018இல் மத்திய மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் பல வருடங்கள் தேர்தலே வைக்கவில்லை.

முடியாத காரியம் என்பவர்களுக்கு, நம் பொலிஸுக்கு மாதிரியாக இருந்த அதே அயர்லாந்தின் வட பகுதியைக் காட்டலாம். அங்கே சனத்தொகையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கத்தோலிக்கர். பொலிஸிலோ நூற்றுக்கு எட்டுப் பேர்தான். 1999இல் பெட்டன் ஆணைக்குழு, பொலிஸைப் புதிதாக அமைக்கச் சொன்னது. 2001இல் பெயரையே மாற்றினார்கள். பத்து வருடம், புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்று சட்டம் வைத்தார்கள். அந்தப் பத்து வருடத்தில் எட்டாக இருந்தது முப்பதுக்குக் கிட்ட வந்தது. பொலிஸுக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிக்க, பொலிஸுக்கு வெளியே ஒரு அலுவலகமும் அமைத்தார்கள். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆளை மாற்றாமல் அமைப்பு மாறாது என்பதை அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்துப் பிழை

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்ல வேண்டும். பொலிஸில் ஒரு பிரச்சினை என்றால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? சங்கத் தலைவருக்கு கோல் எடுக்கிறோம். அவர் ஓ.ஐ.சி.க்கு கோல் எடுக்கிறார். ஆள் வெளியே வருகிறார், அல்லது முறைப்பாடு எழுதப்படுகிறது. நாமும் “தலைவர் பேசினார், முடிந்தது” என்று சந்தோஷப்படுகிறோம். சங்கங்களும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டன.

ஆனால் கோல் எடுக்க ஆள் இல்லாத அம்மா என்ன செய்வார்? அடித்தவனும் அதே தலைவருக்கு வேண்டியவன் என்றால்? உரிமையாகக் கிடைக்க வேண்டியதை உதவியாக வாங்கிப் பழகிவிட்டோம். அதனால்தான் இத்தனை வருடமும் பொலிஸ் நிலையத்தில் ஒரு தமிழ் மேசையைக் கேட்டுப் பெற முடியாமல் இருக்கிறோம்.

உரிமை என்று சும்மா சொல்லவில்லை. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை சொல்கிறது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் எந்த அரச உத்தியோகத்தரோடும் தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரித்து உண்டு என்று 22ஆம் உறுப்புரை சொல்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், 109ஆம் பிரிவில், இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வாயால் சொல்லும் முறைப்பாட்டை, சொன்னவரின் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களால் எழுத முடியாவிட்டால்தான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைக் குறித்து, எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும்.

ஆகவே இன்றிலிருந்து செய்யக்கூடியது இது. பொலிஸுக்குப் போகுமுன் நடந்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் படிக்கிற பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். திகதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். ஒரு போட்டோ பிரதி வீட்டில் வையுங்கள். “நான் தமிழில் சொல்கிறேன், தமிழில் எழுதுங்கள், இல்லையென்றால் இந்தத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். எழுத மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கண்டியிலும் பதுளையிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. இந்தக் கடிதங்களை எழுதிக் கொடுப்பதுதான் சங்கக் காரியாலயத்தின் வேலை. கோல் எடுப்பதை விட இது மெதுவானது. ஆனால் கடிதம் கோப்பில் இருக்கும், கோல் காற்றோடு போகும்.

அடுத்தது, நம் பிள்ளைகள் பொலிஸில் சேர வேண்டும். “நம்ம ஆட்களையே அடிக்கவா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் மேசையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரு பெண் பொலிஸ் இருந்திருந்தால், கை முறிந்த அந்த அம்மாவின் கதை புத்தகத்தில் சரியாக ஏறியிருக்கும். சேர விரும்பும் பிள்ளைகளுக்கும் ஒரு தடை உண்டு. ஆட்சேர்ப்பில் உயரம் பார்க்கிறார்கள், நெஞ்சளவு பார்க்கிறார்கள். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் நூற்றுக்கு 17 பேர், தோட்டத்தில் 32 பேர். அரை வயிற்றுச் சம்பளத்தில் வளர்த்த பிள்ளையை அளவுகோலில் நிறுத்தி, “உயரம் போதாது” என்று திருப்பி அனுப்புவது நியாயமா? மலையகத்துக்கான ஆட்சேர்ப்பில் இந்த விதிகளைத் தளர்த்தும்படி சங்கங்கள் கேட்க வேண்டும்.

நம் சங்கங்கள் கட்சி பார்க்காமல் ஒன்றாக வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. தோட்டங்களைச் சுற்றியுள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரவு பகல் எந்நேரமும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், பெண்கள் பிரிவில் கட்டாயமாக. 109ஆம் பிரிவு சொல்வதைத் தமிழில் பெரிதாக எழுதி ஒவ்வொரு நிலையத்துச் சுவரிலும் ஒட்ட வேண்டும். மாகாணப் பொலிஸ் பற்றிய பேச்சு வரும்போது மலையகமும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

கூட்டு ஒப்பந்தமோ சம்பள நிர்ணய சபையோ, அங்கே எழுதப்படும் ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டுத்தான் நம் சங்கங்கள் ஒப்பமிடுகின்றன. பொலிஸ் நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கும் அதே உரிமை உண்டு.