மோனோவுல கேட்டுப் பாத்தீங்களா?

வீட்டுலயே பாட்டு ரெக்கார்ட் பண்றவரா நீங்க? அப்போ உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. முடிச்ச பாட்டை ஒரு தடவையாவது மோனோவுல கேட்டுப் பாத்தீங்களா?

"மோனோ எல்லாம் அந்தக் காலம் பாஸ்" என்று நீங்க சொல்லலாம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட்ல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. ஒருத்தர் ஃபோன் ஸ்பீக்கர்ல ரீல்ஸ் பாப்பார். ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் ஒரே இயர்ஃபோனை ஆளுக்கு ஒரு காதுல மாட்டியிருப்பாங்க. டீக்கடையில ஒத்தை ப்ளூடூத் ஸ்பீக்கர் ஓடும். நீங்க ராத்திரி முழுக்க உட்கார்ந்து இடது, வலது என்று பிரிச்சு வச்ச எதுவும் இவங்களுக்கு அப்படியே போய்ச் சேராது. ஆனா உங்க பாட்டைக் கேட்கப் போறவங்க இவங்கதான்.

என் கருத்து இதுதான்: மோனோவுல நிக்காத பாட்டு இன்னும் முடியலை. அதைச் சரிபண்ண புது இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டியதில்லை. சிக்னல் போற பாதையைப் பின்தொடர்ந்தாலே பெரும்பாலும் போதும்.

நம்ம பசங்க அடிக்கடி கேக்குற பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கலாம். குரல் இடது காதுல மட்டும் வருது. இன்டர்ஃபேஸ் போச்சு என்று முடிவு பண்ணிடாதீங்க. ரெண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ்ல முதல் இன்புட் இடதுக்கும் ரெண்டாவது வலதுக்கும் போகும். ஒரே மைக்கை ஸ்டீரியோ ட்ராக்ல பதிவு பண்ணினா பாதி ட்ராக் காலியாத்தான் இருக்கும். ட்ராக் இன்புட்டை மோனோவுக்கு மாத்துங்க, வேலை முடிஞ்சது.

பதிவு சரியா இருந்தும் ஹெட்ஃபோன்ல ஒரு காது மட்டும் கேக்குதா? கன்வெர்ட்டர் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. ஒரு கறுப்பு வளையம் இருந்தா அது மோனோ பிளக், ரெண்டு வளையம் இருந்தா ஸ்டீரியோ. ஸ்டீரியோ ஹெட்ஃபோனுக்கு நடுவுல மோனோ கன்வெர்ட்டர் மாட்டினா ஒரு பக்கம் கேட்காது.

இதை விட மோசமான ஒண்ணு மேடையில நடக்கும். ஒரு கல்லூரி கல்ச்சுரல்ஸ்ல நான் நேர்ல பாத்தது. ஒரு டீம் சொந்தமா பாடி ரெக்கார்ட் பண்ணின பாட்டுக்கு ஆட வந்தாங்க. லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்கு ஒரே கேபிள். ப்ளே பண்ணினதும் மியூசிக் வந்துச்சு, குரலைக் காணோம்! தூரத்துல அதோட எதிரொலி மட்டும் கேட்டுச்சு. பாடின பொண்ணு முகம் வாடிப்போச்சு. ஃபைல் கெட்டுப்போச்சு என்றுதான் எல்லாரும் நினைச்சாங்க.

ஃபைல்ல ஒரு குறையும் இல்லை. மிக்ஸரோட பேலன்ஸ்டு இன்புட் நாம லேப்ல படிச்ச டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர்தான். ரெண்டு கம்பியிலயும் பொதுவா வர்றதை இரைச்சல் என்று நினைச்சுக் கழிச்சுடும். ஸ்டீரியோ சிக்னலை அதுல நேரா சொருகினா இடதுலயிருந்து வலது கழிஞ்சு போகும். நடுவுல வச்ச குரல் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிறதால அதுதான் முதல்ல பலி. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு ஒய் கேபிள் வாங்கி, இடதையும் வலதையும் தனித்தனி சேனல்ல கொடுத்திருந்தா தப்பிச்சிருக்கலாம். சி.எம்.ஆர்.ஆர். என்றால் என்ன என்று ரெண்டு மார்க்குக்கு எழுதுறோம், மேடையில அதே வந்து நிக்கும்போது அடையாளம் தெரியலையே!

அடுத்தது, 'வைடு' ஆசை. ஒரே குரலை காப்பி பண்ணி, ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கியோ கொஞ்சம் தள்ளியோ வச்சா ஹெட்ஃபோன்ல பிரம்மாண்டமா இருக்கும். மோனோவுல ரெண்டும் கூடும்போது ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். ரெண்டு மைக் வச்சு கிட்டார் பதிவு பண்றவங்களுக்கும் இதே கதைதான். தூர வித்தியாசம் 17 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு, இருந்தாலே ஒலி அரை மில்லி செகண்ட் தாமதமாகும். கூட்டும்போது 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும்.

அப்போ ஸ்டீரியோவே வேண்டாமா? கண்டிப்பா வேணும். 1978-ல் 'ப்ரியா' படத்துக்கு இளையராஜா ஸ்டீரியோவில் பாடல்களைப் பதிவு பண்ணினது தமிழ் சினிமாவுக்குப் பெரிய அடி. ஆனா அதே பாட்டை மீடியம் வேவ் ரேடியோவுல கேட்டவங்களுக்குக் கிடைச்சது மோனோதான். அப்பவும் பாட்டு பாட்டாவே இருந்துச்சு.

எஃப்.எம். ஸ்டீரியோவை வடிவமைச்சவங்களும் இதைத்தான் யோசிச்சாங்க. 1961-ல் அமெரிக்காவுல அதுக்கு அனுமதி கிடைச்சப்போ, இடது கூட்டல் வலது என்ற மோனோ சிக்னலைத்தான் முதன்மையா வச்சாங்க. இடது கழித்தல் வலது தனியா 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில ஏறிப் போச்சு. பழைய ரேடியோ வச்சிருந்தவருக்கு ஒரு வார்த்தை கூட தவறலை. புதுசு வாங்கினவருக்குக் கூடுதலா ஒரு சுகம். விலை குறைஞ்ச கருவியில கேக்குறவரையும் மதிக்கிறதுதான் இன்ஜினியரிங் என்று நான் நினைக்கிறேன்.

நமக்கு அதுக்கு ஒரு பட்டன் போதும். ரீப்பர்ல மாஸ்டர் ட்ராக்லயே மோனோ பட்டன் இருக்கு. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ் மூணுலயும் அக்ஸெசிபிலிட்டி செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோ இருக்கு. அதைப் போட்டுட்டு குரல் தெளிவா இருக்கா, பேஸ் மெலியுதா, ஏதாவது வாத்தியம் காணாம போகுதா என்று கேளுங்க. அப்புறம் அப்லோட் பண்ணுங்க.

ஏதாவது காணாம போச்சுன்னா உடனே புதுசு வாங்கக் கிளம்பாதீங்க. முதல்ல பிளக்கைக் கழட்டி வளையத்தை எண்ணுங்க.