ஆளைச் செதுக்காதீர்கள்!



"மலருக்கு என்னடா எழுதப் போறே?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். "ஒரு பொம்மை டிரைவரைப் பத்தி" என்றேன். அறையே சிரித்தது. சிரிக்கட்டும்! இரண்டு அங்குலம்கூட இல்லாத அந்த உலோக மனிதன் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை மெஷின் டிசைன் புத்தகத்தில் நான் படித்ததில்லை. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா ஜீப் டிரைவர். போடியிலிருந்து விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி ஏலத் தோட்டங்களுக்குக் கொண்டு போய் விடுவார். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். இருபது வருஷமாக இதே வேலை. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா எனக்கு 1:35 அளவில் ஒரு வில்லிஸ் ஜீப் மாடல் கிட் வாங்கி வந்தார். கூடவே, தனி உறையில் ஒரு ஒயிட் மெட்டல் டிரைவர். அந்த டிரைவருக்கு அப்பாவின் நிறமும் அப்பாவின் காக்கிச் சட்டையும் அடித்து, அவருக்கே பரிசாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஒயிட் மெட்டல் நமக்குப் புதிதல்ல. பேரிங் பாடத்தில் வரும் அதே குடும்பம்தான். வெள்ளீயம், ஆன்டிமனி, பழைய வார்ப்புகளில் காரீயமும் சேர்ந்த கலவை. சுழலும் ரப்பர் அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றி, மையவிலக்கு விசையால் மூலைமுடுக்கெல்லாம் நிரப்புகிறார்கள். அதனால்தான் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக விழுகிறது. ஃபவுண்டரியில் நாம் பார்க்கும் பார்ட்டிங் லைன், பிசிறு எல்லாம் இதிலும் உண்டு. சின்ன அரத்தால் ராவி எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காரீயம் கலந்த உருவமாக இருந்தால் அதன் தூள் விஷம். தண்ணீர் தொட்டு ராவுங்கள், தூள் பறக்காது. கீழே விழுந்ததை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் பரோட்டாவைத் தொடாதீர்கள். நம் ஒர்க்‌ஷாப்பில் இந்தப் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்!

என் டிரைவர் நான்கு துண்டுகளாக வந்தார்: உடல், தலை, இரண்டு கைகள். பிளாஸ்டிக் கிட்டுக்குப் போடும் பசை இதற்கு ஆகாது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது; உலோகத்தை ஒன்றும் செய்யாது. "பற்ற வைத்தால் என்ன?" என்று எனக்கு ஒரு மேதாவி யோசனை வந்தது. எலெக்ட்ரானிக்ஸ் நண்பனிடம் சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கினேன். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரி செல்சியஸில். காரீயமும் வெள்ளீயமும் சரியான விகிதத்தில் கலந்தால் 183 டிகிரியே போதும். இரவல் அயர்னின் முனையோ 300-ஐத் தாண்டும். தொட்ட மாத்திரத்தில் டிரைவரின் இடது கை மணிக்கட்டோடு சொட்டாகிக் கீழே விழுந்தது! இதற்கென்றே 70 டிகிரி அளவில் உருகும் தனி சால்டர் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. செம்புக் கம்பியும் எபாக்சி புட்டியும் வைத்து ஒரு புதுக் கை செய்ய மூன்று நாள் ஆயிற்று.

அடுத்து வந்ததுதான் முக்கியமான கட்டம். டிரைவரைச் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். தொடை ஸ்டீயரிங்கில் இடித்தது. தலை கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டு, ஆள் சீட்டில் உட்காராமல் சீட்டுக்கு மேலே மிதப்பது போல இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அரத்தை எடுத்து டிரைவரின் அடிப்பாகத்தையும் தொடையையும் ஒன்றரை மில்லிமீட்டர் ராவித் தள்ளினேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒரே பெருமை.

பெயின்ட் அடித்தேன். முதலில் ப்ரைமர், அது இல்லாவிட்டால் உலோகத்தில் பெயின்ட் நிற்காது. பிறகு மெல்லிய பூச்சுகள். இவ்வளவு சின்ன உருவத்தில் வெளிச்சம் தானாகப் போதிய நிழலைத் தராது. அதனால் சட்டை மடிப்பின் பள்ளத்தில் கருங்காக்கியும் மேட்டில் வெளிர்காக்கியும் நாமே தர வேண்டும். கண்ணுக்கு வெள்ளை வட்டம் வரைந்தால் முழித்த முழி ஆகிவிடும். 1:35-இல் ஒரு கண்ணின் அகலம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது; ஒரு கருங்கோடு போதும். தோலுக்கு கிட்டில் சொன்னது ஒரு இளஞ்சிவப்பு நிறம். அதை ஒதுக்கிவிட்டுப் பழுப்பும் காவியும் கலந்து அப்பாவின் நிறத்தைக் கொண்டு வந்தேன். கடைசியில் இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டினேன். அதன் ஆவி பட்டு முன்கண்ணாடி பனி படிந்தது போல வெளுத்துப் போனது தனிக் கதை.

அப்பா வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நானாடா இது? ஸ்டீயரிங்கு இடது பக்கம்ல இருக்கு!" என்று சிரித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் திடீரென்று, "ஏன்டா, தொடை என்ன இப்படி வத்திப் போச்சு?" என்றார்.

"சீட்ல உக்காரலைப்பா. கொஞ்சம் ராவுனேன்."

"ஆளையா ராவுவே? சீட்டை ராவக் கூடாதா? மனுசன் உக்காந்தா சீட்டு அமுங்கும்டா. இந்தப் பிளாஸ்டிக் சீட்டு அமுங்குமா? நீதான் குழிச்சு விடணும்."

எட்டாம் வகுப்பு படித்தவர். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் அப்படியே நின்றேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1:35-இல் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டருக்கும் மேல். என் அப்பாவின் உடம்பில் ஐந்து சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, "கச்சிதம்" என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்! அவருடைய நிஜ ஜீப்பில் முதுகுக்குப் பின்னால் மடித்த சாக்கு ஒன்று எப்போதும் இருக்கும். சீட்டு அவருக்குப் பொருந்தாததால் அவர் சீட்டுக்குப் பொருந்திக்கொண்டார். ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதும் அதனால்தானோ என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

வரலாற்றைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் பெட்ரோல் டேங்க் இருந்தது டிரைவர் சீட்டுக்குக் கீழே. டேங்க் போக மிச்ச உயரம்தான் டிரைவருக்கு. மாடல் உலகிலும் இதே கதை. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் பாந்தர் டாங்கியின் மாடலைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது ஏறத்தாழ 1:35. அந்த ஸ்கேலை நிர்ணயித்தது பேட்டரி! மனிதன் பிறகு வந்து உட்கார்ந்துகொண்டான்.

மாற்றி யோசித்தவர்களும் உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹென்றி டிரேஃபஸ் 1955-இல் வெளியிட்ட தன் நூலில் ஜோ, ஜோசஃபின் என்று ஓர் ஆண், ஒரு பெண் உருவத்தை அளவுகளோடு வரைந்து, இவர்களுக்காகத்தான் இயந்திரம் என்றார். நம் நாட்டிலும் இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து தேவ்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்டது. அளவு இருக்கிறது, எடுத்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம். எங்கள் குழுவின் ப்ராஜெக்ட், தோட்டத்தில் மூட்டை ஏற்றும் பேட்டரி வண்டி. டிராயிங் முடிந்து ஒப்புதலும் வாங்கியாயிற்று. 1:10 மாடலும் பளபளவென்று தயார். அப்பா சொன்னதற்குப் பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. செம்புக் கம்பியை வளைத்து, சால்டர் வைத்து, மேலே புட்டி பூசி ஓர் ஆளைச் செய்தேன். 17 சென்டிமீட்டர் உயரம்; அதாவது 170 சென்டிமீட்டர் மனிதன். அழகாக உட்கார்ந்தான். "அப்பாடா!" என்றோம். அப்போது குழுவில் ஒருத்தி கேட்டாள்: "தோட்டத்துல வேலை செய்யறது பெரும்பாலும் பொம்பளைங்க. அவங்கதானே ஓட்டுவாங்க?"

15 சென்டிமீட்டரில் ஒரு பெண்ணைச் செய்து உட்கார வைத்தோம். பாதம் பிரேக் மிதிக்கு எட்டவில்லை. மாடலில் 12 மில்லிமீட்டர் குறைந்தது. நிஜத்தில் 12 சென்டிமீட்டர்! சரிவான மலைப் பாதை, மேலே ஏலக்காய் மூட்டை, கால் எட்டாத பிரேக். யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. கணக்கெல்லாம் சரி, வெல்டிங் சரி, ஃபினிஷிங் சரி. அந்த அம்மாவின் உயிர் மட்டும் எங்கள் டிராயிங்கில் இல்லை.

டிராயிங்கை மாற்றினோம். சீட்டை முன்னும் பின்னும் நகரும்படி வைத்தோம். ஒரு வாரம் தாமதம். ரிவ்யூவில் இதற்காக ஒரு மார்க்கும் கூடவில்லை. ஆனாலும் நிம்மதியாகத் தூங்கினோம்.

"இதெல்லாம் பணக்காரப் பொழுதுபோக்கு" என்பார்கள் சிலர். வெளிநாட்டு உருவம் விலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு முழம் கம்பியும் கொஞ்சம் புட்டியும் ஒரு டீச் செலவுதான். "ஆள் வைப்பது அலங்காரம்" என்பார்கள் வேறு சிலர். இல்லவே இல்லை. ஆள்தான் முதல் அளவுகோல். அந்த அளவுகோலும் சரியான ஸ்கேலில் இருக்க வேண்டும். 54 மில்லிமீட்டர் உருவத்தை 1:35 வண்டியில் வைத்தால் 189 சென்டிமீட்டர் ஆள் ஆகிவிடுவார்!

என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் நம் கல்லூரி வைக்கும் ஒவ்வொரு மாடலிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு ஒட்டும் ஆள் அல்ல. டிராயிங் போடும்போதே உட்கார்ந்து பார்த்த ஆள். நாளை நாம் ஷாப் ஃப்ளோரில் நிற்கப் போகிறவர்கள். நாம் வைக்கிற லீவரை வாழ்நாள் முழுக்க இழுக்கப் போவது யாரோ ஓர் அப்பா, யாரோ ஓர் அம்மா.

அந்த ஜீப் டிரைவரைப் பெயர்த்தெடுத்து, தொடையைப் புட்டியால் நிரப்பி, சீட்டைக் குழித்தேன். அடியில் துளை போட்டுக் கம்பி ஆணி வைத்து, ஒட்டுமிடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இந்த முறை எபாக்சியால் உட்கார வைத்தேன். சட்டைப் பெட்டியின் மூடியை வெட்டிப் புதுக் கண்ணாடியும் போட்டாயிற்று. இப்போது அது எங்கள் வீட்டு டி.வி. மேல் ஸ்டாண்டில் நிற்கிறது.

அப்பா ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான்டா நல்லா உக்காந்திருக்கான்."

எனக்குக் கிடைத்த டிஸ்டிங்ஷன் அதுதான்!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்