மாறுகண் அதிர்ஷ்டம் இல்லை

றொசல்ல உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரம் ஒன்றுக்கு வந்த ஒரு பிள்ளை தலையைச் சரித்துச் சரித்துக் கரும்பலகையைப் பார்த்தது. வலது கண்ணைக் கையால் மறைத்துக் கேட்டேன். "எழுத்து தெரியல சேர்" என்றது. இடது கண் கைக்குழந்தையிலிருந்தே மூக்குப் பக்கம் திரும்பியிருக்கிறது. "அதிர்ஷ்டம்னு சொன்னாங்க சேர், வளந்தா சரியாயிரும்னாங்க" என்றார் தாய். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னது நாம்தானே?

பிறந்த பிள்ளையின் கண் முதல் இரண்டு மூன்று மாதம் அங்குமிங்கும் போகும், பயமில்லை. மூக்குத்தண்டு தட்டையாக இருந்தாலும் கண் உள்ளே போனது போலத் தோன்றும். ஆனால் நாலு மாதத்துக்குப் பிறகும் கண் உள்ளே திரும்பினால் காத்திருக்கக் கூடாது. இரண்டு கண்ணும் வேறு வேறு பக்கம் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் போகும். அது ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். கண்ணாடி, நல்ல கண்ணை மூடி ஒட்டுவது, சத்திரசிகிச்சை என்று வழி இருக்கிறது. குழந்தையிலேயே வரும் மாறுகண்ணுக்கு இரண்டு வயதுக்குள் சத்திரசிகிச்சை செய்வதையே வைத்தியர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள். ஏழெட்டு வயது தாண்டினால் பார்வையை மீட்பது கஷ்டம். கருமணி வெள்ளையாகத் தெரிந்தாலோ ஒரு நாளும் பிந்த வேண்டாம், அது கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

கண்டிக்குப் போனால் ஒரு பேர் போய்விடும், பஸ் காசு வேறு. தெரியும். ஆனால் நாலாம் மாத ஊசிக்கு எப்படியும் கிளினிக் போகிறீர்கள்தானே? அன்றைக்கே மிட்வைஃபிடமும் டொக்டரிடமும் கண்ணைக் காட்டி, கடிதம் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்குக் காசில்லை. பிள்ளை மடுவத்து ஆயாமாரே, பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பது நீங்கள்தான், கண்டால் தாயிடம் சொல்லுங்கள். கிளினிக் போகும் நாளில் பேர் வெட்டாதீர்கள் என்று நிர்வாகத்திடம் கேட்பது தோட்டத் தலைவர்மாரின் வேலை. திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் காசு சேர்க்கிற நமக்கு ஒரு பிள்ளையின் பயணச் செலவு பெரிதா?

எங்கள் ஆட்கள் ஓதிப் பார்ப்பார்கள், நீங்கள் கயிறு கட்டுவீர்கள். செய்யுங்கள், ஆனால் அதோடு பஸ்ஸும் ஏறுங்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நல்ல கண்ணை மூடி ஒட்டியிருக்கிறார்கள். முன் வாங்கில் உட்கார வைத்திருக்கிறேன். எவ்வளவு பார்வை திரும்பும் என்று டொக்டர் இன்னும் சொல்லவில்லை.